விட்டுப் போகாத ரசிகர்கள்

ரசிகன் என்கிற ஆசாமியை விமர்சகர்கள் சாதாரணமாக மதிப்பதில்லை. பதினைந்து வயதில் ஒரு பாட்டுக்காரனிடமோ கதாசிரியனிடமோ மனத்தைப் பறிகொடுத்தவன், ஐம்பத்தைந்து வயதிலும் அதே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தால், அவனுக்கு ருசி வளரவில்லை என்று தீர்ப்பு எழுதிவிடுவது வழக்கம். அவனுடைய அன்பு அந்தக் கலைஞன்மேல் இல்லை, தன் இளமையின்மேல்தான் என்றும் சொல்வார்கள். இதில் ஓரளவு நியாயம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முழு உண்மையும் இதுதானா என்பது எனக்கு வெகுநாளாக இருந்துவரும் சந்தேகம். ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு ஆராய்ந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். உதாரணம் நம் ஊரைச் சேர்ந்தது அல்ல, இங்கிலாந்தைச் சேர்ந்தது. அதிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது. உள்ளூர்ப் பாடகர் என்றால் உங்களுக்கும் எனக்கும் ஏற்கெனவே ஒரு கட்சி இருக்கும். நிதானமாகப் பேச முடியாது.

கேரி நியூமன் என்பவரைப் பற்றிச் சொல்கிறேன். 1958ஆம் வருஷம் லண்டனில் பிறந்தவர். தகப்பனார் ஹீத்ரோ விமான நிலையத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் வைத்த பெயர் கேரி வெப். மேடைக்கு வேறு பெயர் வேண்டுமென்று வியாபார டைரக்டரியைப் புரட்டியபோது ஒரு குழாய் ரிப்பேர்க்காரரின் பெயர் கண்ணில் பட்டது. அதைச் சற்று மாற்றித் தமக்குச் சூட்டிக்கொண்டார்.

அவர் பாட வந்த காலத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1976, 77 வருஷங்களில் லண்டனில் 'பங்க்' என்று ஒரு சங்கீதம் கிளம்பிற்று. கிதாரில் மூன்று பிடி தெரிந்தால் போதும், மேடை ஏறிவிடலாம் என்பது அதன் கொள்கை. கோபம்தான் அதற்கு மூலதனம். கோபத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நாள் காலட்சேபம் செய்ய முடியாது. அது அடங்கிய பிறகு, பங்க் கொடுத்த துணிச்சலை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு வேறு காரியங்களில் இறங்கிய இளைஞர்கள் பலர். அவர்களை எல்லாம் சேர்த்து 'நியூ வேவ்', அதாவது புது அலை என்று பத்திரிகைகள் அழைத்தன. ஒரே மாதிரியான சங்கீதம் என்று நினைத்துவிடக் கூடாது. பல சரக்குகளின்மேல் ஒட்டிய ஒரே சீட்டு அது.

நியூமனும் பங்க் பாடத்தான் வந்தார். 'ட்யூப்வே ஆர்மி' என்ற பெயரில் ஒரு சிறு குழு. 1978இல் கேம்பிரிட்ஜ் நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்யப் போனபோது, அங்கே ஒரு மினிமூக் வாத்தியம் கிடந்தது. மின்சாரத்தினாலேயே நாதத்தை உண்டாக்கும் கருவி அது. பார்ப்பதற்கு ஆர்மோனியத்தின் கட்டைகளையும் ரேடியோவின் திருகுகளையும் சேர்த்து வைத்தது போல இருக்கும். முன்பு வந்த யாரோ விட்டுவிட்டுப் போனது. நியூமன் சும்மா ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தார். கடைசியாக வாசித்தவர் திருகுகளை எப்படி வைத்திருந்தாரோ, அறையே அதிரும்படி ஒரு கனத்த நாதம் வந்ததாம். கிதாருக்கென்று எழுதிக்கொண்டு போயிருந்த பாட்டுகளை அங்கேயே அந்த வாத்தியத்துக்கு மாற்ற ஆரம்பித்துவிட்டார். இது அவரே பலமுறை சொல்லியிருக்கிற சங்கதி.

அடுத்த வருஷம், 1979 ஜூன் மாதக் கடைசியில், 'ஆர் ஃப்ரெண்ட்ஸ் எலெக்ட்ரிக்' என்கிற அவருடைய பாட்டு இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதல் இடத்துக்கு வந்து 4 வாரம் அங்கேயே இருந்தது. ஜனரஞ்சகமான பாட்டு என்றால் 3 நிமிஷத்தில் முடிய வேண்டும்; பல்லவி திரும்பத் திரும்ப வர வேண்டும்; கேட்டவர்கள் தெருவில் முணுமுணுத்துக்கொண்டு போக வேண்டும். இந்தப் பாட்டு 5 நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. சேர்ந்து பாடுவதற்குப் பல்லவி என்று ஒன்று இல்லை. நடுவில் பாடுவதை விட்டுவிட்டு வெறுமனே பேசுகிறார். முடிக்காமல் கிடந்த இரண்டு பாட்டுகளை ஒன்றாக ஒட்டி உண்டாக்கியது. பியானோவில் பயிற்சி செய்யும்போது கை தவறித் தொட்ட ஒரு ஸ்வரம் நன்றாக இருக்கிறதே என்று அதையே வைத்துக்கொண்டார். கதை என்று பார்த்தால், ஓர் அறையில் தனியாக இருக்கிறவன். அவனுக்குத் துணை, வாடகைக்குக் கிடைக்கும் மனித உருவ இயந்திரம். அந்த 'நண்பன்' பழுதாகிவிடுகிறான். அவ்வளவுதான்.

இந்தப் பாட்டு இடம் பெற்ற 'ரெப்ளிகாஸ்' தொகுப்பு, வருங்கால நகரம் ஒன்றைப் பற்றி நியூமன் எழுதிவைத்திருந்த சிறு கதைகளிலிருந்து பிறந்தது. கதை எழுதுகிறவன் என்ற முறையில் இது எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. அந்த நகரத்தின் சரித்திரத்தையோ சட்ட திட்டங்களையோ அவர் விவரிப்பதில்லை. ஒரு பூங்கா, ஓர் அறை, கதவுக்கு வெளியே நிற்கும் ஒருவன், இவ்வளவையும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். விட்டதைக் கேட்கிறவன் பூர்த்தி செய்துகொள்கிறான். சிறுகதைக்காரனுக்கு வேண்டிய சாமர்த்தியம் அது. 21 வயதுப் பையனுக்கு எப்படி வந்தது என்று ஆச்சரியப்பட வேண்டியிருக்கிறது.

அதே 1979 செப்டம்பரில் 'கார்ஸ்' என்ற பாட்டும் முதல் இடத்துக்கு வந்தது. சாலையில் சிலர் அவரைத் தாக்க வந்தபோது காரின் கதவுகளைப் பூட்டிக்கொண்டு தப்பிய சம்பவம்தான் அதற்கு மூலம். காருக்குள் இருந்தால் பத்திரம் என்கிற எண்ணத்தை வைத்து ஒரு பாட்டுக் கட்டிவிட்டார். 'கார்ஸ்' இருக்கும் 'த ப்ளெஷர் பிரின்ஸிபிள்' தொகுப்பில் கிதாரே கிடையாது. பங்க் காலத்துக் கிதார் கூச்சலிலிருந்து இரண்டே வருஷத்தில் இவ்வளவு தூரம்! 1979, 80 வருஷங்களுக்குள் அவருடைய 3 தொகுப்புகள் முதல் இடத்தைப் பிடித்தன.

பத்திரிகை விமர்சகர்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவர்கள் சொன்ன குறைகள் இரண்டு. முதலாவது, டேவிட் போவியைக் காப்பியடிக்கிறார் என்பது. இரண்டாவது, உயிரே இல்லாத பாட்டு, குரலில் ஈரம் இல்லை, முகத்தில் சலனம் இல்லை என்பது. முதல் குறையில் கொஞ்சம் உண்மை உண்டு. நியூமன் சிறு வயதில் போவியின் பரம ரசிகர். ஜான் ஃபாக்ஸ் பாடிய 'அல்ட்ராவாக்ஸ்' குழுவுக்கும் தாம் கடன்பட்டிருப்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எந்தக் கலைஞனும் முதலில் யாருக்கோ ரசிகனாக இருந்துதான் கலைஞன் ஆகிறான்.

இரண்டாவது குறையைத்தான் கவனிக்க வேண்டும். அந்தக் குரலைக் கேட்டால், மூக்கால் இழுத்துப் பாடுகிற, ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாத, எப்போதும் சற்றுப் பயந்தது போன்ற குரல். விமர்சகர்கள் அதில் பாவம் இல்லை என்றார்கள். இங்கிலாந்தின் ஊர்ப்புறங்களிலும் லண்டன் சுற்றுப்புறங்களிலும் இருந்த பள்ளிக்கூடத்துப் பையன்களும் பெண்களும் அதையே வேறு விதமாகக் கேட்டார்கள். நாலு பேர் கூடிய இடத்தில் என்ன பேசுவது என்று தெரியாமல் விழிக்கிறவன், முகத்தை மரமாக வைத்துக்கொள்கிறான். அப்படிப்பட்டவனுடைய குரல் இது என்பது அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. மற்றவர்களோடு பழகுவதைச் சிரமமாக்கும் ஆஸ்பெர்ஜர் தன்மை தமக்கு இருப்பதாகப் பின்னாளில் நியூமன் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். இந்த விவரம் வெளியே தெரியும் முன்பே, பாட்டிலிருந்தே அதை ஊகித்துக்கொண்டவர்கள் அந்தப் பிள்ளைகள். ஒரு படைப்பின் தொனி என்ன என்பது விமர்சனத்தின் முதல் கேள்வி. அந்தக் கேள்விக்கு, தொழிலாக விமர்சனம் செய்தவர்கள் தவறான விடையும், கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு தலைமயிருக்குச் சாயம் ஏற்றிக்கொண்ட 15 வயதுப் பிள்ளைகள் சரியான விடையும் கொடுத்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

'நியூமனாய்டுகள்' என்று அந்த ரசிகர்களுக்குப் பெயர். கேலியாகச் சொன்னாலும் அவர்கள் அதைப் பட்டமாகவே வைத்துக்கொண்டார்கள்.

ரசிகன் என்பவன் எவ்வளவு சுலபமாகப் புண்படக்கூடியவன் என்பது நியூமனுக்குத் தெரியும். 1979 கடைசியில் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சிக்கு அவரும் வந்திருந்தார், போவியும் வந்திருந்தார். தம் அபிமான நாயகரைத் தூரத்திலிருந்து பார்த்துவிடலாம் என்று இவர் நின்றுகொண்டிருந்தபோது, போவி ஆட்சேபித்ததால் தம்மை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள், நிகழ்ச்சியிலிருந்தும் தம் பாட்டை எடுத்துவிட்டார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகும் போவியின் சங்கீதத்தை அவர் பழித்துப் பேசித் திரியவில்லை. நாயகர் கதவைச் சாத்தினாலும் ரசிகனுடைய அன்பு வாசலில் நின்றுகொண்டிருக்கும் என்பதை அவர் தம் அனுபவத்திலேயே கண்டவர்.

1981 ஏப்ரலில், 23 வயதில், லண்டன் வெம்ப்ளி அரங்கத்தில் 3 இரவுகள் பாடிவிட்டு, இனிமேல் மேடையில் பாடுவதில்லை என்று விடைபெற்றுக்கொண்டார். புகழ் தாங்கவில்லை என்பது காரணம். விமானம் ஓட்டுவதில் அவருக்கு அபார மோகம். அதே வருஷம் ஒரு நண்பருடன் சிறு விமானத்தில் உலகத்தைச் சுற்றக் கிளம்பி, வழியில் நம் இந்தியாவில் இறங்க நேர்ந்தபோது, உளவாளிகளோ கடத்தல்காரர்களோ என்ற சந்தேகத்தில் இருவரையும் பிடித்து வைத்துவிட்டார்கள். பிறகு வேறொரு விமானத்தில் சுற்றி முடித்தார். வேடிக்கையான சம்பவம்தான். ஆனால் அது நடந்துகொண்டிருந்த காலத்திலேயே இங்கிலாந்தில் அவருடைய நட்சத்திரம் இறங்க ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச நாளில் மேடைக்குத் திரும்பி வந்தார். அவர் போனபோது இருந்த கூட்டம் திரும்பி வந்தபோது இல்லை.

இனி வருவது இந்தக் கதையின் கசப்பான பகுதி. 1983இல் வந்த 'வாரியர்ஸ்' பட்டியலில் 12ஆவது இடம். 1984இல் சொந்தமாக 'நூமா' என்ற கம்பெனி தொடங்கி வெளியிட்ட 'பெர்ஸெர்க்கர்' 45ஆவது இடம். 1994இல் வந்த 'சாக்ரிஃபைஸ்' 94ஆவது இடம். விற்பனைக் கணக்கு கலையின் அளவுகோல் அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆகவே அவருடைய தொகுப்புகளை வருஷ வரிசைப்படி கேட்டுப் பார்த்தேன். 1981இல் வந்த 'டான்ஸ்' அமரிக்கையான, நேர்மையான முயற்சி. அதற்குக் கிடைத்த அலட்சியம் அநியாயம். ஆனால் எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து வந்தவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. சாக்ஸபோன் வந்து புகுந்துகொள்கிறது. பின்பாட்டுப் பாடப் பெண்கள் வருகிறார்கள். அந்த அந்த வருஷத்தில் எது செலாவணியாகிறதோ அதில் ஒரு துண்டு. 1992இல் வந்த 'மெஷின் அண்ட் சோல்' தொகுப்பில் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸின் பாணியைத் தரித்துக்கொண்டு வருகிறார். அளவெடுக்காமல் தைத்த சட்டை போல அது தொங்குகிறது. தாம் செய்ததிலேயே மோசமானது அதுதான் என்று அவரே சொல்லிவிட்டார்.

ஏன் இப்படி ஆயிற்று? திறமை வற்றிவிட்டது என்று சொல்வது சுலபம். பிற்பாடு நடந்ததைப் பார்த்தால் அது பொய். என் எண்ணம் இது: விட்டுப் போனவர்களைத் திரும்ப அழைப்பதற்காக அவர் எழுதிக்கொண்டிருந்தார். கூடவே நின்றவர்களுக்காக எழுதவில்லை, தமக்காகவும் எழுதவில்லை. ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் விற்றவனுக்கு, வராமல் போன கூட்டத்தின் முகம்தான் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் தெரிய மாட்டார்கள். எழுத்தாளர்களுக்கும் இந்த நோய் உண்டு. முதல் நாவல் அமோகமாகப் போய்விட்டு மூன்றாவது நாவல் கிடங்கில் தூங்கும்போது, நாலாவது நாவலை எழுதுகிற கை நடுங்கத்தான் செய்கிறது. பத்திரிகை ஆபீஸில் என்ன கேட்கிறார்கள் என்று விசாரிக்கத் தோன்றுகிறது. விசாரித்து எழுதினால் என்ன வரும் என்பது அனுபவஸ்தர்களுக்குத் தெரியும்.

அந்தப் பத்து வருஷமும் ஒரு சிறு கூட்டம் நியூமனை விட்டுப் போகவில்லை. அவர் ஊர் ஊராகப் போய்ப் பாடினால் அதே முகங்கள் வந்தன. இசைத்தட்டு வந்தால் வாங்கினார்கள். வானொலியில் பாட்டைப் போட மாட்டேன் என்றார்கள். பத்திரிகைகள் பெயரைச் சொன்னாலே சிரித்தன. பள்ளிக்கூடத்து நண்பர்களிடம் இன்னும் அவனையா கேட்கிறாய் என்று பேச்சு வாங்க வேண்டியிருந்தது. இருந்தும் வாங்கினார்கள். நல்லதையும் வாங்கினார்கள், மோசமானதையும் வாங்கினார்கள்.

இங்கேதான் விமர்சகன் தலையிட்டுக் கேட்பான்: மோசமானதை வாங்கியது நல்ல காரியமா? குப்பையைக் கொண்டாடினால் மேலும் குப்பைதானே வரும்? இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. குருட்டு அபிமானம் கலைஞனைக் கெடுத்ததற்கு எத்தனையோ திருஷ்டாந்தங்கள் உண்டு. ஆனால் நியூமன் விஷயத்தில் அந்த மோசமான தொகுப்புகளை உண்டாக்கியது ரசிகர்களின் கொண்டாட்டம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ரசிகர் அல்லாதவர்களின் அலட்சியத்துக்கு அவர் காட்டிய பதற்றம்தான் அவற்றை உண்டாக்கியது. ரசிகர்கள் செய்தது அந்த ஆளைப் பசியில்லாமல் வைத்தது ஒன்றுதான். ஓர் இசைத்தட்டை வாங்குவது அந்த இசைத்தட்டுக்குக் கொடுக்கும் மார்க்கு என்று விமர்சகன் நினைக்கிறான். ரசிகனுக்கு அது அடுத்த இசைத்தட்டுக்காகக் கட்டும் சந்தா. வாங்கியது நன்றாக இல்லை என்பது அவனுக்கும் தெரியும். இந்த ஆளிடம் இன்னும் ஏதோ இருக்கிறது என்பதும் தெரியும். முதல் அறிவு விமர்சகனுக்கும் உண்டு. இரண்டாவது ரசிகனுக்கு மட்டும் உண்டு.

அப்படி என்ன இருந்தது என்பது 1994இல் தெரிந்தது. கடன் கழுத்தை நெரித்த நிலையில், இனிமேல் பட்டியலில் இடம் பிடிக்கும் ஆசையே வேண்டாம் என்று விட்டுவிட்டு, வீட்டிலேயே பெரும்பாலும் தனியாக உட்கார்ந்து 'சாக்ரிஃபைஸ்' தொகுப்பை நியூமன் உருவாக்கினார். கறுத்த, கனத்த சங்கீதம். கடவுளோடு சண்டை போடும் பாட்டுகள். விற்பனையில் அவருடைய பாதாளம் அதுதான். கலையில் ஏற்றம் அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் காலத்தில் அவருக்குத் துணையாக வந்து, 1997இல் அவரைக் கைப்பிடித்த ஜெம்மா, சிறு வயதிலிருந்தே அவருடைய ரசிகையாக இருந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். நாவலில் வைத்தால் மிகை என்பார்கள். வாழ்க்கைக்கு அந்தக் கூச்சம் இல்லை.

2000இல் வந்த 'பியூர்' தொகுப்பில், அவர்களுக்குப் பிறக்காமல் போன குழந்தையைப் பற்றிய துக்கம் இருக்கிறது. இயந்திரங்களைப் பற்றிப் பாடியவர் என்று பெயர் எடுத்தவரா இது என்று கேட்கத் தோன்றும். கவனித்துக் கேட்டால் அதே குரல்தான். 1979இல் முகத்தை மூடிக்கொண்டிருந்த கை இப்போது விலகியிருக்கிறது, அவ்வளவுதான். சில வருஷங்கள் மனச்சோர்வில் கிடந்துவிட்டு, அதையே பொருளாக வைத்து 2013இல் 'ஸ்ப்ளிண்டர்' தொகுப்பை வெளியிட்டார். 30 வருஷத்துக்குப் பிறகு அவர் பெயர் முதல் 20க்குள் வந்தது. 2017இல் 'ஸாவேஜ்', பூமி வெந்து பாலைவனமான ஒரு வருங்காலத்தைப் பற்றியது. 2021இல் 'இன்ட்ரூடர்', அந்தப் பூமியே பேசுவது போன்றது. இரண்டும் பட்டியலில் 2ஆம் இடம் வரைக்கும் போயின. 'ஸாவேஜ்' தொகுப்புக்கு ரசிகர்கள் முன்கூட்டியே பணம் கட்டினார்கள். நான் மேலே சொன்ன சந்தா, இந்த முறை அலங்காரமாக இல்லாமல் நிஜமாகவே சந்தாவாகிவிட்டது.

இந்தப் பிற்காலத் தொகுப்புகளில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தணிந்த குரலில் ஆரம்பித்து, பல்லவி வந்ததும் இடி இடிப்பது என்கிற ஒரே கட்டுமானம் பாட்டுக்குப் பாட்டு வருகிறது. நாலாவது பாட்டிலேயே இடி எப்போது விழும் என்று தெரிந்துபோகிறது. 'ரெப்ளிகாஸ்' தொகுப்பில் இருந்த சொல்லாமல் விடும் சாமர்த்தியம் குறைந்து, சொல்லிவிடும் வேகம் கூடியிருக்கிறது. இருந்தாலும் இவை உயிருள்ள படைப்புகள். 55 வயதுக்கு மேல், 25 வயதில் தெரியாதவற்றை அறிந்துகொண்டு ஒரு மனிதன் பேசுகிற பேச்சு இவற்றில் இருக்கிறது. தொழிலுக்கு வந்த காலத்துப் பாட்டுகளையே பாடிப் பிழைக்கும் அவர் தலைமுறைக்காரர்கள் பலரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

ரசிகனின் அன்பு தன் இளமையின்மேல் வைத்த அன்புதான் என்ற வாதத்துக்கு இப்போது வரலாம். அது சரியென்றால் இந்த ரசிகர்கள் 'கார்ஸ்' பாட்டை மட்டும் கேட்டுக்கொண்டு சுகமாக இருந்திருக்க வேண்டும். பழைய ஞாபகம் புதிய பாட்டை விரும்பாது. புதிய பாட்டில் அதற்கு இடம் இல்லை. நியூமனோ பழசை ஓட்டிப் பிழைப்பதில் தமக்கு விருப்பமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். கச்சேரிகளில் புதிய பாட்டுகளையே நிறையப் பாடினார். பழையவற்றையும் அடையாளம் மாறும்படி கனமாக்கிப் பாடினார். சில பேருக்கு மனஸ்தாபம் இருந்திருக்கும். ஆனால் கூட்டம் கலையவில்லை, வளர்ந்தது. அமெரிக்காவை இதற்கு எதிர்ப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே 'கார்ஸ்' 1980இல் 9ஆவது இடத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு வேறு எந்தப் பாட்டும் அந்த மாதிரி எடுபடவில்லை. ஒரே பாட்டுக்காரர் என்று பல வருஷம் அவர்கள் அவரை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அங்கே ஜனங்கள் நேசித்தது பாட்டை. இங்கிலாந்தில் சிலர் நேசித்தது அந்தப் பாட்டுகள் எங்கிருந்து வருகின்றனவோ அந்த மனத்தை. பாட்டு பழசாகும். மனம் பழசாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

விமர்சகர்களின் மனம் மாறிய விதமும் கவனிக்கத் தக்கது. அவர்களாக உட்கார்ந்து கேட்டு மாறவில்லை. சிறு வயதில் நியூமனைக் கேட்டு வளர்ந்த வேறு சங்கீதக்காரர்கள் பெரியவர்களாகி, எங்களுக்கு வழிகாட்டியவர் இவர் என்று சொல்லத் தொடங்கினார்கள். 'நைன் இன்ச் நெய்ல்ஸ்' குழு அவர் பாட்டைத் திரும்பப் பாடியது. 2009இல் தங்கள் மேடைக்கே அவரை அழைத்தது. 2002இல் 'ஷுகாபேப்ஸ்' என்ற பெண்கள் குழு, 'ஆர் ஃப்ரெண்ட்ஸ் எலெக்ட்ரிக்' பாட்டின் வாத்தியப் பகுதியின்மேல் வேறொரு பாட்டைப் பாடி மறுபடியும் முதல் இடத்துக்குக் கொண்டுவந்தது. 2017இல் ஐவர் நொவெல்லோ பரிசுகளில் ஒன்றை, மற்றவர்களுக்கு உந்துதலாக இருந்தவர் என்பதற்காக அவருக்குக் கொடுத்தார்கள். விமர்சகர்களும் முன்னோடி என்று எழுதலானார்கள். ஆக, தீர்ப்பைத் திருத்தியவர்களும் ரசிகர்கள்தாம். கையில் வாத்தியம் இருந்த ரசிகர்கள்.

2022இல் நியூமன் மறுபடியும் வெம்ப்ளி அரங்கத்தில் பாடினார். 23 வயதில் விடைபெற்றுக்கொண்டு போன இடத்துக்கு 64 வயதில் திரும்பி வந்தார். அரங்கம் தானாக நிரம்பவில்லை. நடுவில் இருந்த 41 வருஷமும் யார் யார் டிக்கெட்டு வாங்கிக்கொண்டிருந்தார்களோ, அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வந்து நிரம்பியது.

இதிலிருந்து ரசிகன் சொல்வதே வேதவாக்கு என்று யாரும் அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். விமர்சகன் வேண்டும். 1992இல் வந்தது மோசம் என்று யாராவது உரக்கச் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் 1994இல் வந்தது உயர்த்தி என்பதற்கு அர்த்தமே இல்லாமல் போகும். ஆனால் விமர்சகன் கைக்கு வந்த படைப்பைத்தான் எடைபோட முடியும். இன்னும் வராத படைப்பு அவன் தராசில் ஏறாது. அதற்காகக் காத்திருப்பதற்கு வேறு ஒருவன் வேண்டியிருக்கிறது. ஒரு கலைஞனுக்குப் பக்குவம் வருவதற்கு 20 வருஷமும் ஆகலாம், 30 வருஷமும் ஆகலாம். அந்த வருஷங்களை அவனுக்குக் கொடுக்கக்கூடிய ஸ்தாபனம் எதுவும் உலகத்தில் இல்லை. இசைத்தட்டுக் கம்பெனியும் கொடுக்காது, புத்தக வெளியீட்டாளரும் கொடுக்க மாட்டார். இளமையில் ஏற்பட்ட ஓர் அபிமானத்தை விட மனமில்லாத சில ஆயிரம் பேர்தான் கொடுக்கிறார்கள். தாங்கள் கொடுக்கிறோம் என்பது அவர்களுக்கே தெரிவதில்லை.

காத்திருந்தவர்கள் எல்லாருக்கும் 'ஸ்ப்ளிண்டர்' கிடைப்பதில்லை என்பதும் உண்மை. பல பேர் காத்திருந்தது வீணாகத்தான் போகிறது. அதற்காக அது அறிவீனம் ஆகிவிடாது. நீங்கள் கல்லூரியில் படித்த காலத்தில் இரவெல்லாம் கண் விழித்துப் படித்த கதாசிரியர் ஒருவர் இருப்பார். அவருடைய கடைசி இரண்டு நாவல்களும் சுமார்தான் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அடுத்தது வரும்போது வாங்கிப் படியுங்கள். சுமாராக இருந்தால் சுமார் என்று சொல்லுங்கள். அதற்கு அடுத்ததையும் வாங்குங்கள். நியூமனைக் கேட்டறியாதவர்கள் முதலில் 'ரெப்ளிகாஸ்', பிறகு 'ஸ்ப்ளிண்டர்', இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். இடையில் உள்ள 34 வருஷத்தை உங்களுக்குப் பதிலாக வேறு யாரோ பொறுத்துக்கொண்டு தீர்த்திருக்கிறார்கள்.